ஹிட்லர் அனுப்பிவைத்த ஹாலிவுட்

ஹாலிவுட்டுக்கு அதிகமான திறமைசாலிகளைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். கமிஷன் என்று ஒரு பைசா வாங்காமல், கப்பல் கப்பலாக ஆள் ஏற்றி அனுப்பியவர் ஒருவர்தான். பெயர் அடால்ஃப் ஹிட்லர். 1933 ஜனவரியில் பதவிக்கு வந்தார். மே மாதம் பெர்லினில் நடுத்தெருவில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். எழுதினவர்களுக்கு அடுத்தது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டி கட்டினார்கள். பிராக், வியன்னா, பாரிஸ் என்று பக்கத்து ஊர்களில் ஒண்டிப் பார்த்தார்கள். போன ஊருக்கெல்லாம் ஹிட்லரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். கடைசியில், இதற்கு மேல் ஓடினால் கடலில்தான் விழவேண்டும் என்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அதுதான் லாஸ் ஏஞ்சலஸ்.

நின்றவர்கள் சில்லறை ஆட்கள் இல்லை. நோபல் பரிசு பெற்ற தாமஸ் மன். அவருடைய அண்ணன் ஹைன்ரிக் மன். 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' எழுதிய டாக்டர் ஆல்ஃப்ரெட் டோப்லின். நாடக உலகத்தைக் குலுக்கிய பெர்டோல்ட் பிரெக்ட். மேற்கத்திய சங்கீதத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட அர்னால்ட் ஷோன்பெர்க். எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்கும் தத்துவ ஆசிரியர் அடார்னோ. இத்தனை பேரும் ஆரஞ்சு மரமும் நீச்சல் குளமும் நிறைந்த ஓர் ஊரில், கூப்பிடு தூரத்தில், ஒருவர் மேல் ஒருவர் பொறாமையோடு வருஷக் கணக்கில் குடியிருந்தார்கள்.

அவர்களுடைய முக்கியத் தொழில் புலம்பல். வாயைத் திறந்தால் 'எங்க ஊர்ல' என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்க ஊர்ல காபின்னா அது காபி. எங்க ஊர்ல ரொட்டின்னா அது ரொட்டி. எங்க ஊர்ல என்னைத் தெரியாதவன் கிடையாது. இதை வைத்து அவர்களுக்குள்ளேயே ஒரு ஜோக் உலவியது. சாண்டா மோனிகா கடற்கரையில் குட்டைக் கால் டாக்ஸ்ஹண்ட் நாய்கள் இரண்டு சந்தித்துக்கொள்கின்றன. ஒன்று சொல்கிறது: "இங்கேதான் நான் இப்படி. அங்கே இருந்தப்போ நான் செயின்ட் பெர்னார்ட்."

வந்த வழியே ஒரு சினிமா. 1940-ல் பிரான்ஸ் விழுந்ததும் பாதிப் பேர் மார்செய் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்க அமெரிக்காவிலிருந்து வேரியன் ஃபிரை என்ற இளைஞர், காலில் 3,000 டாலரை ஒட்டிக்கொண்டு, சுமார் 200 பெயர் கொண்ட பட்டியலோடு வந்து இறங்கினார். பட்டியலைப் பார்த்து வேலை செய்யும் ஆள் இல்லை அவர். ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 2,000 பேரை வெளியே அனுப்பிவிட்டார்.

அதில் ஒரு கோஷ்டி பிரனீஸ் மலையை நடந்தே ஏறிக் கடந்து ஸ்பெயினுக்குள் இறங்கியது. 69 வயது ஹைன்ரிக் மன், அவர் மனைவி நெல்லி, தம்பி மகன் கோலோ, இதயக் கோளாறு உள்ள நாவலாசிரியர் ஃபிரான்ஸ் வெர்ஃபெல், அவர் மனைவி அல்மா மாலர் வெர்ஃபெல். இந்த அம்மாளின் பெயரிலேயே இரண்டு கணவர்கள் இருப்பதைக் கவனியுங்கள். நடுவில் வால்டர் குரோபியஸ் என்று கட்டடக் கலைஞர் ஒருவரும் கணவராக இருந்தார். பெயர்ப் பலகையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு 1940 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. வெர்ஃபெலுக்கு முகம் வெளிறிவிட்டது. நாள் சரியில்லை, நாளைக்குப் போகலாமே என்று இழுத்தார். நாஜி ரகசியப் போலீஸ் கெஸ்டாபோ கழுத்துக்குப் பின்னால் மூச்சு விடுகிறது, இவர் பஞ்சாங்கம் பார்க்கிறார். அல்மா ஓர் அதட்டுப் போட்டதும் மனிதர் மலை ஏறிவிட்டார். அல்மாவின் கைப்பையில் முதல் கணவரான இசையமைப்பாளர் மாலரின் இசைக் குறிப்புகளும் புரூக்னரின் மூன்றாம் சிம்பொனியின் கையெழுத்துப் பிரதியும் இருந்தன. மூன்றாவது கணவர் வெறுங்கையோடு மூச்சிரைக்க ஏறினார்.

லியோன் ஃபாய்ஷ்ட்வாங்கர் இன்னும் ஒரு படி மேல். பிரெஞ்சு முகாமில் அடைபட்டிருந்த அவருக்கு, அமெரிக்கத் துணைத் தூதர் ஒருவர் பெண்கள் கோட்டை மாட்டி, தலையில் துணியைச் சுற்றி, காரில் ஏற்றினார். வழியில் மறித்தவர்களிடம், இவங்க என் மாமியார் என்றார். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. மாமியார் என்ற சொல் ஓர் எழுத்தாளரின் உயிரைக் காப்பாற்றியது உலக இலக்கியத்தில் அநேகமாக இந்த ஒரு தடவைதான்.

உயிர் பிழைத்தாயிற்று. சாப்பாட்டுக்கு? பால் கோனர் என்ற ஏஜென்டும் டைரக்டர் எர்ன்ஸ்ட் லூபிட்சும் சேர்ந்து ஐரோப்பியத் திரைப்பட நிதி என்று ஒன்றை ஆரம்பித்து, வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று பிடித்தார்கள். பெரிய ஸ்டூடியோக்களைக் கெஞ்சி, வந்திறங்கிய எழுத்தாளர்களுக்கு ஒரு வருஷ வேலையும் வாங்கிக் கொடுத்தார்கள். சம்பளம் வாரத்துக்கு நூறு டாலர் சொச்சம். டோப்லின் எம்.ஜி.எம்.மில். ஹைன்ரிக் மன் வார்னர் பிரதர்ஸில். தினம் காலையில் கோட்டு, டையோடு ஆபீஸுக்குப் போய் உட்காருவார்கள். எழுதிக் கொடுப்பதை யாரும் படிக்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஹைன்ரிக் மன் என்றால் ஒரே ஒரு அடையாளம்தான்: அவர் நாவலை வைத்து எடுத்த 'புளூ ஏஞ்சல்' படத்தில் மார்லின் டீட்ரிக் காட்டிய கால்கள். ஐரோப்பாவின் மனசாட்சி என்று பெயர் எடுத்த மனுஷருக்கு ஒரு நடிகையின் முழங்கால்தான் விசிட்டிங் கார்டு. வருஷம் முடிந்ததும் ஸ்டூடியோக்கள் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டன.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் புகலிடம் சாண்டா மோனிகாவில் மேபெரி ரோடு 165-ஆம் எண் வீடு. சால்கா ஃபீர்டெல் என்ற முன்னாள் நடிகை, கிரெட்டா கார்போவுக்குத் திரைக்கதை எழுதிச் சம்பாதித்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர்க்காரர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். 1941 மே மாதம் அந்த வீட்டில் ஹைன்ரிக்குக்கு 70-வது பிறந்தநாள் விருந்து நடந்தது. பிறந்தநாள் என்னவோ மார்ச்சிலேயே போய்விட்டது. அந்தச் சமயத்தில் தம்பி தாமஸ் கௌரவ டாக்டர் பட்டம் வாங்க பெர்க்லி போகவேண்டியிருந்ததால், அண்ணன் ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாக எழுபதானார்.

நாற்பத்தைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தாயிற்று. சூப் வந்தது. சமையலறையில் மாட்டிறைச்சி ரோஸ்ட் தயார். அந்த நேரம் பார்த்துத் தாமஸ் மன் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். கோட்டு உள்பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை உருவினார். பதினைந்து பக்கமாவது இருக்கும் என்று சால்கா பின்னால் எழுதியிருக்கிறார். அண்ணனின் தீர்க்கதரிசனம், ஜெர்மன் ஆன்மா, நாகரிகத்தின் கதி எல்லாம் வரிசையாக வந்தன. சமையலறைக் கதவிடுக்கில், ரோஸ்ட் கருகுகிறது என்று கையால் சைகை காட்டினார்கள். பக்கங்கள் தீரவில்லை. ஒருவழியாக முடிந்து, கை தட்டி, எல்லாரும் முள்கரண்டியைக் கையில் எடுத்தபோது ஹைன்ரிக் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அவர் உள்பையிலிருந்தும் ஒரு கத்தை.

தம்பி படித்ததற்குக் குறையாமல் அண்ணன் படித்தார். இரண்டு பேருக்கும் இடையில் முதல் உலகப் போரின்போது வருஷக் கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. அதை மனதில் வைத்துப் பார்த்தால், ஒரு ரோஸ்ட் கருகியது பெரிய நஷ்டம் இல்லை. விருந்தாளி ஒருவர் சால்காவிடம், இவர்கள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படித்தான் எழுதிவைத்துப் படித்துக்கொள்வார்கள் என்று சமாதானம் சொன்னார். பட்டினி கிடந்த நாற்பத்தைந்து பேரில் இதற்கு முன்னால் எத்தனை பேர் அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களோ.

இப்போது ஷோன்பெர்க். இவரைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதாது. ஒரு சுரத்தைத் தொட்டால் மற்றப் பதினொன்றையும் தொட்டுவிட்டுத்தான் அதற்குத் திரும்பலாம் என்று சட்டம் போட்டவர். பன்னிரண்டில் இவ்வளவு பிரியம் வைத்தவருக்குப் பதின்மூன்றைக் கண்டால் குலை நடுக்கம். இசைக் குறிப்பில் பன்னிரண்டாம் அளவுக்கு அடுத்து '12 ஏ' என்று எண் போட்டுவிட்டுப் பதினான்குக்குத் தாவுவார். 'மோசஸும் ஆரோனும்' என்ற ஓபராவின் தலைப்பில் பதின்மூன்று எழுத்து வருகிறது என்று ஆரோனுக்கு ஓர் எழுத்தை வெட்டினார். விவிலியத்தில் ஆரோனுக்கு நேர்ந்த கஷ்டங்களில் இது சேராது.

1935-ல் எம்.ஜி.எம். அதிபர்களில் ஒருவரான இர்விங் தால்பெர்க் ரேடியோவில் ஷோன்பெர்க்கின் பழைய உருப்படி ஒன்றைக் கேட்டு மயங்கிவிட்டார். அது பன்னிரண்டு சுரச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்னால், இளவயதில், கேட்பவர் காதில் விழும்படி எழுதியது. அவரைக் கூப்பிடுங்கள், சீனாவைப் பற்றி 'குட் எர்த்' படம் எடுக்கிறோம், இசை அவர்தான் என்றார். தூது போனவர் சால்கா. குறித்த நேரத்துக்கு ஷோன்பெர்க்கைக் காணோம். தேடினால், வாசலில் யாரோ வழிகாட்டி அவரைச் சுற்றுலாக் கூட்டத்தோடு சேர்த்து ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். பேச்சுக்கு முன்னால் மரியாதைக்கு இடத்தைக் காட்டுகிறார்கள் என்று நினைத்து இவரும் அமைதியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக உள்ளே வந்து, கையில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். உங்களுடைய அழகான இசையைக் கேட்டேன் என்று ஆரம்பித்தார் தால்பெர்க். அழகான இசை எதுவும் நான் எழுதுவதில்லை என்றார் ஷோன்பெர்க். தால்பெர்க் கொஞ்சம் ஆடிப்போனாலும் சமாளித்துக்கொண்டு கதையை விவரித்தார்: புயல் அடிக்கிறது, கோதுமை வயல் அலைபாய்கிறது, பூமி அதிர்கிறது, நடுவில் கதாநாயகிக்குப் பிரசவ வலி. எல்லாம் கேட்டுவிட்டு ஷோன்பெர்க் சாந்தமாக ஒரு கேள்வி கேட்டார். இத்தனை நடக்கும்போது இசை எதற்கு?

என் அபிப்பிராயத்தில் திரை இசை பற்றி இதுவரை யாரும் கேட்ட கேள்விகளில் இதுதான் சிறந்தது. இன்றைக்கும் பதில் இல்லை. பின்னணி இசை என்ற பெயரில் நம் காதைக் கிழிக்கிறவர்கள் ஒருமுறை இதை யோசிக்கலாம்.

அதோடு விடவில்லை அவர். படத்தின் சத்தம் முழுவதும் என் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும், நடிகர்கள் வசனத்தை நான் குறித்துக் கொடுக்கும் சுருதியில்தான் பேசவேண்டும் என்றார். அப்படியானால் டைரக்டர் என்ன செய்வார் என்று கேட்டார் தால்பெர்க். நடிகர்கள் பேசக் கற்றுக்கொண்ட பிறகு அவரும் கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார் ஷோன்பெர்க். மறுநாள் காலையில் அவர் மனைவி சால்காவுக்குப் போன் செய்தார். வசனத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதால் தொகை இரட்டிப்பாகிவிட்டது: 50,000 டாலர். எம்.ஜி.எம். தரப்பில் யாரோ சீன நாட்டுப்பாடல் சிலவற்றைத் தேடிப் பிடித்துவிட்டதால் ஷோன்பெர்க்குக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஒரு சினிமாவுக்கும் இசை அமைக்காத இந்த மனிதர்தான் சினிமாக்காரர்களுக்கு வாத்தியார் ஆனார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், வீட்டிலும் சொல்லிக் கொடுத்தார். ஃபாக்ஸ் கம்பெனி படங்கள் ஆரம்பிக்கும்போது விளக்கொளியோடு முழங்குமே ஒரு எக்காளம், அதைப் போட்ட ஆல்ஃப்ரெட் நியூமன் இவரிடம் பாடம் கேட்டவர். அவர்தான் ஸ்டூடியோவைத் திறந்துவிட்டு ஷோன்பெர்க்கின் நால்வர் இசையை முதன்முதலாக முழுசாகப் பதிவு செய்ய வழி பண்ணினார். நான்கு நிமிஷம் எதுவும் வாசிக்காமல் உட்கார்ந்திருப்பதே இசை என்று பிற்பாடு அறிவித்த ஜான் கேஜும் இங்கே படித்தவர்தான். விமானம் பறக்கும் காட்சிக்கு எப்படி வாசிப்பது என்று ஒரு சினிமா இசையமைப்பாளர் அவசரமாகக் கேட்டாராம். "பெரிய தேனீ மாதிரி. இன்னும் சத்தமா." இந்தக் கதையை அந்தத் தொழிலில் இருந்தவர்களே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிரென்ட்வுட்டில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் வீடு. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நின்று, கையை நீட்டிக் காட்டி, இவர் வீட்டைத் தாண்டிப் போகும். ஷோன்பெர்க்குக்கு இது தீராத மனக்குறை. இன்னொரு குறை இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி. அவரும் அதே ஊரில்தான் பதினோரு வருஷம் இருந்தார். நூற்றாண்டின் இரண்டு பெரிய இசைமேதைகள் அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒருவரையொருவர் பார்த்துப் பேசவில்லை. இருபதுகளிலேயே ஸ்ட்ராவின்ஸ்கியைக் கிண்டலடித்துப் பாட்டுக் கட்டியவர் ஷோன்பெர்க். 1945-ல் இருவரும் ஆளுக்கொரு பகுதி எழுதிய இசைத்தொகுப்பின் ஒத்திகையில் ஹாலின் இந்த மூலையில் இவர், அந்த மூலையில் அவர். பிறகு ஷோன்பெர்க் காலமானார். காலமானதும் ஸ்ட்ராவின்ஸ்கி பன்னிரண்டு சுர முறையில் எழுத ஆரம்பித்தார். இருக்கும்போது கற்றுக்கொண்டால் நன்றி சொல்லவேண்டி வருமே.

ஆனால் பெரிய சண்டை தாமஸ் மன்னோடு. மன் 1947-ல் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாவலை வெளியிட்டார். கதாநாயகன் ஓர் இசையமைப்பாளன். பிசாசுக்கு ஆன்மாவை விற்று, மேகநோய் வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பன்னிரண்டு சுர முறையைக் கண்டுபிடிக்கிறான். சங்கீத விஷயங்களை மன்னுக்கு அடார்னோ சொல்லிக் கொடுத்திருந்தார். ஷோன்பெர்க்குக்குக் கண் சரியில்லாததால் நாவலைப் படிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அல்மா இருந்தார். நாரதர் தோற்றார். இங்கே ஷோன்பெர்க் காதில் போட்டார், அங்கே மன்னிடம் போய், பாவம் ரொம்ப வருத்தப்படுகிறார் என்றார்.

ஷோன்பெர்க் கொதித்தார். வருங்காலத்தில் ஒரு கலைக்களஞ்சியக்காரன், பன்னிரண்டு சுர முறையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் மன் என்று எழுதுவதுபோலக் கற்பனைக் கட்டுரை ஒன்றைத் தயாரித்து மன்னுக்கே அனுப்பினார். மன் பயந்துபோய், இந்த முறை அர்னால்ட் ஷோன்பெர்க் என்ற சமகால இசையமைப்பாளருக்குச் சொந்தம் என்று ஆங்கிலப் பதிப்பின் கடைசியில் ஒரு குறிப்புச் சேர்த்தார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய். என்ன, நான் ஒரு சமகாலத்தவனா? இருபது முப்பது வருஷம் போகட்டும், யார் யாருக்குச் சமகாலத்தவன் என்று தெரியும் என்று 1949-ல் பத்திரிகைக்கே கடிதம் எழுதிவிட்டார். இதற்கு நடுவில் லியோனின் மனைவி மார்த்தா ஃபாய்ஷ்ட்வாங்கர் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது, ஷோன்பெர்க் எதிரே வந்து, எல்லாம் பொய், எனக்கு அந்த வியாதி வந்ததே கிடையாது என்று ஜெர்மன் மொழியில் உரக்கக் கத்தினாராம். சுற்றி நின்ற அமெரிக்கர்களுக்கு ஜெர்மன் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. ஒரு வருஷம் கழித்து இருவரும் கடிதத்திலேயே சமாதானமானார்கள்.

13-ஆம் தேதி பிறந்த ஷோன்பெர்க்குக்கு 76 வயது வந்தபோது நண்பர் ஒருவர், ஏழும் ஆறும் பதின்மூன்று, ஜாக்கிரதை என்று எழுதிவைத்தார். நல்ல நண்பர். 1951 ஜூலை 13 வெள்ளிக்கிழமை முழுவதும் படுக்கையிலேயே பயந்து கிடந்தார். நள்ளிரவுக்கு இன்னும் கால் மணி நேரம். தப்பித்தாயிற்று என்று மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கால் மணிக்குள் உயிர் போய்விட்டது.

ஆக, ஜெர்மன் கலாசாரத்தைக் கட்டிக் காத்தவர்கள் பிறந்தநாள் உரையும் மறுப்புக் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊரை மாற்றியவர்கள் வேறு ஆட்கள். வாடகை கொடுக்கப் பணம் வேண்டும் என்று கிடைத்த வேலைக்குப் போனவர்கள்.

எரிக் கோர்ன்கோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவின் குழந்தை மேதை. 1938 தொடக்கத்தில் 'ராபின் ஹூட்' படத்துக்கு இசைக்கக் கூப்பிட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, நான் இதயத்துக்கு எழுதுகிறவன், வாள்சண்டைக்கு இல்லை என்று மறுத்தார். அதற்குள் வியன்னாவில் நிலைமை கெட்டது. மறுப்பு வாபஸ். அடுத்த மாதம் ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைந்தார். ராபின் ஹூட் என் உயிரைக் காப்பாற்றினான் என்று கடைசிவரை சொன்னார். ஆஸ்காரும் கிடைத்தது. வீரன் வருகிறான் என்றால் ஊதுகொம்புகள் முழங்கவேண்டும் என்று ஹாலிவுட் கற்றுக்கொண்டது அவரிடம்தான். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்து உலகமே புல்லரித்ததே, அதில் ஒலித்தது வியன்னா ஓபராவின் பேரன்.

அமெரிக்காவின் கௌபாய் இசை? ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஊரைவிட்டு வந்த டிமித்ரி டியோம்கின். 'ஹை நூன்' அவருடையது. உக்ரைனில் பிறந்த உங்களுக்கு மாட்டுக்காரன் இசை எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம், புல்வெளி எங்கே இருந்தாலும் புல்வெளிதானே என்றார். ஓர் ஆஸ்கார் மேடையில் பிராம்ஸ், பீத்தோவன், வாக்னர் என்று செத்துப்போன மேதைகளுக்கெல்லாம் வரிசையாக நன்றி சொன்னார். மூலக்கதைக்கு நன்றி சொல்லும் பழக்கம் சினிமாவில் அபூர்வம் என்பதால் கூட்டம் சிரித்தது.

ஓநாய் மனிதன் இன்னும் வேடிக்கை. கடிபட்டவனும் ஓநாயாவான், வெள்ளியால் அடித்தால்தான் சாவு என்பதெல்லாம் ஐரோப்பியப் பாட்டி கதை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இன்றைக்குத் திரையில் பார்க்கும் சட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தொகுத்துப் போட்டவர் கர்ட் சியோட்மாக் என்ற ஜெர்மன் யூத எழுத்தாளர். 1941-ல் 'வுல்ஃப் மேன்' படத்துக்கு, சம்பளத்துக்கு எழுதினார். படத்தில் வரும் பழங்கால மந்திரப்பாட்டும் அவர் சொந்தச் சரக்கு. அடுத்துச் சாகப்போகிறவன் உள்ளங்கையில் ஒரு நட்சத்திரம் தெரியும் என்று ஒரு விதி வைத்தார். நாஜிகள் யூதர்களின் சட்டையில் நட்சத்திரம் தைத்த காலம் அது. குழந்தைகளைப் பயமுறுத்தும் படத்தில் அது கண்ணில் படாமல் போய்விட்டது.

பில்லி வைல்டர் 1934-ல் வந்தபோது ஆங்கிலம் அரைகுறை. ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹோட்டலில் அறை இல்லை என்று பெண்கள் கழிவறையை ஒட்டிய முன்னறையில் படுத்துக் கிடந்தார். விசா மாற்ற மெக்சிகோ எல்லைக்குப் போனபோது போதுமான காகிதம் இல்லை. என்ன வேலை என்று கேட்டார் தூதரக அதிகாரி. சினிமாவுக்கு எழுதுகிறேன். அதிகாரி யோசித்து முத்திரை குத்தி, நல்லதா எழுதுங்க என்று சொல்லி அனுப்பினார். வைல்டர் கேட்டபடி நடந்தார்: 'டபுள் இண்டெம்னிட்டி', 'சன்செட் புலவார்ட்', 'சம் லைக் இட் ஹாட்', 'அபார்ட்மென்ட்'. உலகத்தில் விசா அதிகாரி ஒருவர் சினிமாவுக்குச் செய்த மிகப் பெரிய உதவி அதுதான். வைல்டருடைய தாயார் நாஜிகளிடமிருந்து தப்பவில்லை.

வைல்டர், ஃபிரிட்ஸ் லாங், கர்ட்டின் அண்ணன் ராபர்ட் சியோட்மாக் எல்லாரும் பெர்லின் ஸ்டூடியோக்களின் இருட்டைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் கலிபோர்னியாவில் ஜன்னல் தட்டிகளை இழுத்து மூடி, சுவரில் கோடு கோடாக நிழல் விழவைத்து, நம்பக்கூடாத பெண்ணையும் தூங்காத துப்பறிவாளனையும் நிறுத்தினார்கள். அசல் அமெரிக்கச் சரக்கு என்று உலகம் அதைக் கொண்டாடிற்று. சென்னை வரைக்கும் அந்த நிழல் நீண்டது, 1954-ல் எஸ். பாலச்சந்தர் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் எடுத்த 'அந்த நாள்' படத்தின் வெளிச்சத்தைப் பார்த்தால் தெரியும். லாங்கைப் பற்றி ஒரு துணைச் செய்தி: ஹிட்லரின் பிரச்சார மந்திரி கோயபல்ஸ் கூப்பிட்டுப் பதவி தருகிறேன் என்றார், அன்றிரவே ரயிலேறி ஓடிவந்தேன் என்று ஆயுள் முழுக்க விறுவிறுப்பாகச் சொன்னார். அவர் பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் முத்திரைகள், அதற்குப் பிறகும் பல மாதம் நிதானமாகப் போய்வந்துகொண்டிருந்ததாகச் சொல்கின்றன. திரைக்கதைக்காரரிடம் தேதி கேட்கக்கூடாது.

எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமானால் 1942-ல் எடுத்த 'காஸாபிளாங்கா' போதும். பெயர் போட்ட பதினான்கு நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். நாஜி மேஜராக வரும் கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு ஜெர்மனியைவிட்டு ஓடிவந்தவர். படத்தில் அவர் வேட்டையாடும் புரட்சிக்காரராக வரும் பால் ஹென்ரீட் ஆஸ்திரியர். பிரிட்டனில் அவரை எதிரி நாட்டான் என்று பிடித்து அடைக்கப் பார்த்தபோது, நல்ல மனிதர் என்று சாட்சி சொல்லிக் காப்பாற்றியவர் இதே நாஜி மேஜர். சூதாட்ட மேஜையில் சில்லு தள்ளும் மார்செல் டாலியோ பிரெஞ்சு சினிமாவின் நட்சத்திரம். யூத முகம் எப்படி இருக்கும் பாருங்கள் என்று நாஜிகள் போஸ்டர் ஒட்டியது அவர் படத்தை வைத்துத்தான். ஜேப்படித் திருடனாக வருபவர் பெர்லின் மேடைகளில் கொடிகட்டிப் பறந்த கர்ட் போய்ஸ். அரைகுறை ஆங்கிலத்தில் மணி கேட்டுப் பழகும் வயதான தம்பதியில் அந்த அம்மாள் இல்கா குரூனிங், பெர்லினில் நடிப்புப் பள்ளியே நடத்தியவர். வசனம் சில வரிகள்தான்.

ஹிட்லரால் வேலை இழந்தவர்களுக்கு ஹிட்லராலேயே வேலை கிடைத்தது. நாஜி வேஷத்துக்கு ஜெர்மன் உச்சரிப்பு வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? ஓடிவந்த யூதர்களிடம். 1942 மார்ச்சிலிருந்து கலிபோர்னியாவில் இருந்த ஜெர்மானியர்கள் எதிரி நாட்டார் கணக்கில் சேர்ந்தார்கள், இரவு 8 முதல் காலை 6 வரை ஊரடங்கு. பகலெல்லாம் ஸ்டூடியோவில் பூட்ஸைத் தட்டி உலகத்தை மிரட்டிவிட்டு, எட்டு மணிக்குள் வீட்டுக்கு ஓடவேண்டும். போலீஸ் பிடித்தால் நாஜி என்று உள்ளே வைத்துவிடுவார்கள். 'காஸாபிளாங்கா'வில் மதுக்கடையில் ஜெர்மன்காரர்கள் பாட, மற்றவர்கள் எழுந்து பிரெஞ்சு தேசியகீதம் பாடி அமுக்கிவிடும் காட்சி இருக்கிறது. படப்பிடிப்பில் பின்னால் நின்ற பல பேர் உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தார்கள் என்று உடன் நடித்தவர் சொன்னார். இந்தக் கட்டுரையில் கிண்டலுக்கு இடம் இல்லாத இடம் அதுதான்.

பிரெக்ட் கதையோடு முடிக்கலாம். மாஸ்கோ, விளாடிவாஸ்டாக் வழியாக 1941 ஜூலையில் வந்திறங்கியது முதல் திட்டினார். பழத்தில் ருசி இல்லை, வீட்டில் அழகில்லை, ஊரே பொய்ச் சந்தை. ஆறு வருஷம் அந்தச் சந்தையில் கதை விற்க அலைந்தார். லாங்கின் 'ஹேங்மென் ஆல்ஸோ டை' ஒன்றுதான் உருப்படியாகப் படமானது. அதிலும் திரைக்கதைப் பெயருக்குத் தகராறு, தோல்வி. 1947 அக்டோபர் 30 அன்று, கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழு வாஷிங்டனுக்கு அழைத்தது. சுருட்டும் கையுமாகப் போனார். பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. மொழிபெயர்க்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆளுடைய உச்சரிப்பு இன்னும் மோசம். சாட்சி பேசுவதும் புரியவில்லை, மொழிபெயர்ப்பாளர் பேசுவதும் புரியவில்லை என்று தலைவர் பார்னெல் தாமஸ் தலையில் அடித்துக்கொண்டார். கட்சியில் எந்நாளும் இருந்ததில்லை என்றார் பிரெக்ட். நல்ல சாட்சி என்று பாராட்டி அனுப்பினார்கள். மறுநாள் பாரிஸுக்கு விமானம் ஏறினார். பார்னெல் தாமஸ் பிறகு பொய்ச் சம்பளக் கணக்கு எழுதிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். அவருடைய குழு உள்ளே தள்ளிய திரைக்கதையாசிரியர்கள் இரண்டு பேர் அதே சிறைக்கு வந்துசேர்ந்தார்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தாமஸ் மன்னும் 1952-ல் சுவிட்சர்லாந்துக்குப் பெட்டி கட்டினார். பசிபிக் பாலிசேட்ஸில் அவர் கட்டிய வீட்டை 2016-ல் ஜெர்மன் அரசு விலைக்கு வாங்கியது. ஷோன்பெர்க்கின் காகிதங்கள் அவரை வேண்டாம் என்ற வியன்னாவுக்கே 1998-ல் போய்விட்டன. லாஸ் ஏஞ்சலஸ் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தனக்கு வேண்டிய நிழலையும் ஊதுகொம்பையும் ஓநாயையும் அது எப்போதோ எடுத்து வைத்துக்கொண்டுவிட்டது.

நாற்பதுகளின் கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம் ஏதாவது கிடைத்தால், ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது தள்ளிவிட்டுக் கதைக்குப் போகாதீர்கள். வியன்னா காபிக்கடையில் கடன் பாக்கி வைத்தவர்கள் பட்டியல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பெயராகப் படித்துப் பாருங்கள்.